மதத்தை விட்டபின் எதைப் பிடித்துக்கொள்வது?

கேள்வி இது: “வயது முப்பத்து நான்கு. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம்வரை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. கடவுளே இல்லை என்று சொல்லத் துணிவில்லை, கும்பிட நம்பிக்கையும் இல்லை. வேறு மதத்துக்குப் போக விருப்பமில்லை. எனக்கென்று ஒரு நம்பிக்கையை நானே அமைத்துக்கொள்ள முடியுமா? எந்தக் கொள்கைகளை எடுத்துக்கொள்வது, எங்கே தொடங்குவது? தாத்தா எங்கே போனார் என்று மகள் கேட்கிறாள். ஆடி பிறந்தால் அம்மாவிடம் என்ன சொல்வது?”

முடியும் தம்பி. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் வாழ்கிறேன். எனக்கு இப்போது அறுபத்தொன்று. அரசுப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். “எந்தக் கொள்கைகளை எடுத்துக்கொள்வது” என்று தொடங்கியிருக்கிறீர்களே, அந்த வழியில் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். ஆறு ஆண்டுகள் வீணாயின.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது நம் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கப் போனவர், கடைசிவரை கருப்புச் சட்டைக்காரராகவே இருந்தார். அம்மாவோ கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய நாளிலிருந்து வீட்டில் மீன்சட்டியை எடுக்கவிட மாட்டார். இருவரும் ஐம்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஆடிப் பொங்கலன்று மாவிளக்குத் தட்டோடு அம்மாவை மிதிவண்டியின் பின்னால் உட்காரவைத்துக் கோயில்வரை அழைத்துப் போவது அப்பாதான். உள்ளே போக மாட்டார். அம்மா திரும்பி வரும்வரை செருப்புகளுக்குக் காவலாக வெளியே நிற்பார். வீட்டுக்கு வந்ததும் மாவிளக்கு மாவை முதலில் வாங்கிச் சாப்பிடுகிறவரும் அவர்தான்.

இந்த வீட்டில் வளர்ந்த நான் இருபத்து மூன்று வயதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். புத்தரிடமிருந்து கொஞ்சம், சித்தர்களிடமிருந்து கொஞ்சம், பகுத்தறிவு இயக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து என் கொள்கைகளை எண் போட்டு எழுதினேன். நாற்பது பக்கம் நிரம்பியது. பெருமையாக இருந்தது. இருபத்தொன்பதாம் வயதில் என் இரண்டாவது குழந்தை பிறந்து பதினோராம் நாள் இறந்துபோனது. அன்று இரவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரு வரிகூட என்னைத் தொடவில்லை. எல்லாம் சரியான வரிகள்தான். ஆனால் மறுநாள் காலை எழுந்து நான் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

எதிர்வீட்டு அக்கா பதின்மூன்று நாள் ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அம்மா தினமும் சாயங்காலம் என் தலையை வாரிவிட்டார். நான் எழுந்து உட்கார்ந்தது அவற்றால்தான்.

துக்கத்துக்கு மதம் ஒரு விளக்கம் தருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை என்பதால் மதத்தையே விட்டேன். அது நாள்காட்டியும் தருகிறது என்பதை அன்றுதான் கண்டேன். மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம், மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அழுகிறவருக்கு இன்றைக்குச் செய்ய ஒரு வேலை, சேர்ந்து செய்ய நான்கு பேர். மதத்தை விட்டவர் இந்த நாள்காட்டியையும் சேர்த்து இழக்கிறார். உங்கள் மனத்தில் எதுவும் ஒட்டவில்லை என்கிறீர்கள். சொல்லப்பட்ட மந்திரத்தின் பொருள் ஒட்டவில்லை, சரி. அந்தப் பதினாறு நாளில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூடவா ஒட்டவில்லை? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, நம்பிக்கையைச் செய்கையிலிருந்து தொடங்குங்கள். இப்போதே நீங்கள் விடாமல் செய்துவருகிறவை சில இருக்கும். யாரும் பார்க்காவிட்டாலும் நூல் எடையில் கைவைக்க மாட்டீர்கள். தறியில் வேலை பார்ப்பவருக்குச் சனிக்கிழமைக் கூலியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ள மாட்டீர்கள். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் இன்னும் உட்காரத் தயங்குவீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மதம் ஏற்கெனவே பாதி அங்கே இருக்கிறது. அதற்கு நீங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மதத்துக்கு வெளியே நிற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசையன்று கூட்டம் நிற்க இடம் இருக்காது. உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கித் தண்ணீரில் போட்டால் மருவும் தேமலும் போகும் என்று மக்கள் நம்புகிறார்கள். உருவ வழிபாட்டையும் சாதியையும் சடங்கையும் கேலி செய்து பாடியது சித்தர் மரபு. அந்தச் சித்தருக்கே உருவம் வைத்துக் கும்பிடுகிறோம். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் இதைக் காட்டுவேன். கேலிக்காகக் காட்டவில்லை. தனி மனிதர் ஒருவரின் தேடல், அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் கையில் சடங்காக மாறியே தீரும். உங்களுடையதும் உங்கள் மகள் கையில் மாறும். மாறட்டும்.

சேலம் கோட்டைச் சாலையில் பெரியேரி என்ற இடத்தில் தலைவெட்டி முனியப்பன் இருந்தார். தலைமுறை தலைமுறையாக முனியப்பன் என்றே மக்கள் கும்பிட்ட சிலை. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. தொல்லியல் துறை ஆராய்ந்து அது புத்தர் சிலை என்று சொன்னது. 2022இல் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரி. வரலாறு தெளிய வேண்டும். ஆனால் அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிப்போய்ச் சூடம் ஏற்றிய தாய்மார்களின் நினைப்பும் எனக்கு வருகிறது. கல் ஒன்றுதான், புத்தராக வந்து முனியப்பனாக நின்று மறுபடியும் புத்தராகியிருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்குப் போனால் பெரிய புத்தர் சிலைகள் இரண்டைப் பார்க்கலாம். ஒருமுறை போய் வாருங்கள். நம் மாவட்டத்து மண்ணில் எத்தனை நம்பிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன என்று நேரில் பார்த்தால், நீங்கள் செய்வது துரோகம் என்ற பயம் குறையும்.

வெளியே நின்றவர்களில் இருவரை நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். ஒருவர் வள்ளலார். 1865இல் சன்மார்க்க சங்கம் தொடங்கியவர், 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சத்திய ஞான சபை வந்தது 1872இல்தான். சோறு முதலில், சபை பிறகு. இந்த வரிசையைத்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றவர் அயோத்திதாசர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர். தீபாவளியையும் கார்த்திகைத் தீபத்தையும் அவர் தூக்கி எறியவில்லை. பௌத்த மரபிலிருந்து வந்த திருநாள்கள் என்று அவற்றுக்கு வேறு பொருள் சொன்னார். அவர் சொன்ன வரலாறு முழுவதையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, வரலாறு படித்தவள் என்ற முறையில் நானும் ஏற்பதில்லை. ஆனால் விளக்கு ஏற்றும் கையை வெட்டாமல், ஏன் ஏற்றுகிறோம் என்பதை மட்டும் மாற்றலாம் என்ற துணிவை அவரிடம்தான் கற்றேன்.

இனி, இந்தப் பதிலிலேயே எனக்கு மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஏற்காட்டுக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி என்று திரும்பியிருப்பீர்கள். அடுத்த முறை சேர்வராயன் கோயில்வரை போங்கள். சுமார் 5,300 அடி உயரத்தில், மலையின் தலையில், ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். சேர்வராயன் என்பது அந்த மலை. காவேரி, நமக்குத் தெரிந்த ஆறு. குகை காவிரிவரை போகிறது என்பார்கள். மலையாளி பழங்குடியினர் மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்.

அதே மலையில் அலுமினியத்துக்காகப் பாக்சைட் வெட்டி எடுத்ததும் நடந்தது. கஞ்சமலையிலும் இரும்புத்தாது இருக்கிறது, அதன் மேலும் பலருக்குக் கண் உண்டு. மலையைச் சேர்வராயன் என்று நம்புகிறவர் கையில் கடப்பாரையைக் கொடுத்து அதன் உச்சியைப் பெயர்க்கச் சொன்னால் அவர் கை நடுங்கும். உங்களுக்கும் எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை. நம் கை எதனால் நடுங்கும்?

அந்தக் குகை வாசலில் உட்கார்ந்து இதை நான் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டேன். மதத்தைவிட்டு வெளியே வந்த பலர், நான் உட்பட, நம்மைத் தடுத்த வேலிகளைப் பிடுங்கியதோடு நின்றுவிடுகிறோம். விரதம் வேண்டாம், தீட்டு வேண்டாம், நல்ல நேரம் வேண்டாம். நல்லதுதான், தீட்டு ஒழிந்ததற்கு ஒரு பெண்ணாக நான் மனதார மகிழ்கிறேன். ஆனால் எதைச் செய்ய மாட்டேன் என்று புதிதாக ஒன்றும் சேர்க்காவிட்டால், நமக்கு இருப்பது நம்பிக்கை என்று சொல்ல முடியாது. வசதி என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் நம்பிக்கை உங்களுக்கு நட்டம் வைக்க வேண்டும் தம்பி. சாயத் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற இடத்தில் உங்கள் துணியைச் சாயம் போடக் கொடுக்க மாட்டீர்கள் என்று வையுங்கள். மீட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகப் போகும். அந்த இரண்டு ரூபாய்தான் உங்கள் நேர்த்திக்கடன். என்னுடையது என்ன என்றால், சாதி கேட்டு நடக்கும் எந்தத் திருமணத்துக்கும் நான் போவதில்லை. நெருங்கிய உறவுகள் சிலவற்றை இழந்திருக்கிறேன். இன்னும் வலிக்கிறது.

இன்னொரு ஆபத்து, தனியாக அமைக்கும் நம்பிக்கையில் நமக்கு நாமே பூசாரி. பூசாரி சொல்வதெல்லாம் நமக்குச் சாதகமாகவே இருக்கும். “நீ செய்தது தவறு” என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரேனும் வேண்டும். எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். எதிர்வீட்டு அக்கா உயிரோடு இருந்தவரை அவரும் எனக்கு அப்படி ஒருவராக இருந்தார். மாதம் ஒருமுறை பேசுவோம், நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று. நம்மைப் போலவே நினைப்பவர்களாகத் தேடாதீர்கள். வேறு நம்பிக்கை உள்ளவர்களின் கண்ணுக்குத்தான் நம் பொய் தெளிவாகத் தெரிகிறது. இந்தத் தனிமையைப் பயன்படுத்திக்கொள்ளக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த மதமும் வேண்டாம், என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் குரு, கேள்வி கேட்டால் முகம் சுளித்தாலோ, வீட்டாரோடு பேச்சைக் குறைக்கச் சொன்னாலோ, பணத்துக்குக் கணக்குக் காட்டாவிட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். மூன்றில் ஒன்று போதும்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். “தாத்தா சாமிகிட்ட போயிட்டார்” என்று நீங்களே நம்பாததைச் சொல்லாதீர்கள். குழந்தைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். “ஒன்றும் இல்லாமல் போய்விட்டார்” என்றும் சொல்லாதீர்கள். அதுவும் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றில்லை. என் அப்பாவைப் பற்றி என் பேத்தி கேட்டபோது நான் சொன்னது இதுதான்: “எங்கே போனார் என்று பாட்டிக்குத் தெரியாது கண்ணு. பாட்டி சொல்வது பாட்டியின் எண்ணம். உன் அப்பத்தா வேறு சொல்வார், அதையும் கேள். ஆனால் அவர் விட்டுப்போனவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.” பிறகு கொலுசுக்குப் பற்றவைக்கும் அப்பாவின் ஊதுகுழலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் அப்பாவின் கை பட்ட, நூல் சுற்றும் தார்க்குச்சியோ கத்தரிக்கோலோ இருக்கும்.

அப்பாவின் நினைவு நாளுக்கும் நீங்களே ஒரு முறை அமைக்கலாம். நான் செய்வது சிறியது. அந்த நாள் காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு போவேன். சேர்வராயன் கோயில் மேட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இறங்கி வந்து அவருக்குப் பிடித்த தட்டுவடை செட் வாங்கி, பட்டறைத் தெருவில் இன்னும் வேலை பார்க்கும் முதியவர்களோடு சாப்பிடுவேன். அவர்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்கள். நாளை மாற்றுவதில்லை, மழை என்று தள்ளுவதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் நாடகம் போல இருந்தது. நான்காம் ஆண்டு காய்ச்சலால் போக முடியாதபோது, ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது போல அழுதேன். அன்றுதான் அது எனக்குச் சொந்தமாயிற்று. உங்களுக்கும் நாளாகும். முதல் முறையே நெஞ்சு நிறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சட்டம் பற்றியும் சில செய்திகள், இவை தெரியாமல் பலர் பின்னால் தவிக்கிறார்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மத உரிமைக்கு முன்னால் மனச்சான்றின் உரிமையைத்தான் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாட்டில் சுமார் 29 லட்சம் பேர். ஆனால் மனத்தளவில் வெளியேறியதால் சட்டம் உங்களை விட்டுவிடாது. வேறு மதத்துக்குப் போகாதவரை திருமணம், வாரிசுரிமை எல்லாம் இந்துச் சட்டப்படிதான். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்த பிறகு, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ போதும். முன்னர் நடந்தவையும் செல்லுபடியாயின. எங்கள் அப்பா அம்மா திருமணமும் அவற்றில் ஒன்று. மணமக்கள் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் முன்னறிவிப்போடு.

பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விடத் தமிழ்நாட்டில் 1973இலும் 2000இலும் அரசாணைகள் வந்திருக்கின்றன. 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சினேகா சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழே பெற்றார். ஆயினும் மகளின் சாதிக் கட்டத்தை அவசரப்பட்டுக் காலியாக விடாதீர்கள். இடஒதுக்கீடு பல தலைமுறை இழப்புக்கு ஈடாக வந்த உரிமை. அவள் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும்.

உங்கள் இறுதிக் காரியம் எப்படி நடக்க வேண்டும் என்று இப்போதே எழுதி, மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். கண்தானம் என்றால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க நீங்கள் எழுதிவைத்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் வீட்டார் ஒப்புக்கொண்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். என் அப்பா கண்களைக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு பூச வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அம்மா பூசவில்லை. அவர் கையில் மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். யாரும் தடுக்கவில்லை.

ஆடி மாதம் அம்மாவிடம் உங்கள் முடிவுகளை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கணவரை இழந்து ஓராண்டுதான் ஆகிறது. அவருக்கு இப்போது மாரியம்மன் வேண்டும். பொய்யாகக் கும்பிடவும் வேண்டாம், உங்கள் முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். “எனக்குக் கும்பிட வரவில்லை அம்மா, ஆனால் உன்னோடு வருகிறேன்” என்று ஒரே முறை சொல்லுங்கள். கூழ் காய்ச்சும் அன்று விடியற்காலை எழுந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்து இறக்கி வையுங்கள். வெயிலில் வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள். தீர்ந்ததும் அண்டாவை நீங்களே கழுவிக் கவிழ்த்துங்கள்.